பெட்ரோல் அதிகம் செலவாகிறதா? ஆக்சிஜன் சென்சரைச் சோதியுங்கள்

கூலாய் தோட்டப்புறங்களிலிருந்து ஜொகூர் பாருவுக்குத் தினமும் ஓடும் கார், திடீரென அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறதா? மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரிகிறதா? ஆக்சிஜன் சென்சர் காரணமாக இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் மாற்றிவிடாதீர்கள்.

எக்சோஸ் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியுள்ளது என்பதை இந்த சென்சர் காரின் கணினிக்குச் சொல்லும். அதை வைத்தே பெட்ரோல் அளவு கூடும், குறையும். சுமார் 300 பாகை செல்சியஸ் சூட்டுக்கு மேல்தான் இது ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே பாருங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி ஸ்கேனரைச் செருகி, எஞ்சினைச் சற்று முறுக்கிப் பிடியுங்கள். பழைய கார்களில் முதல் சென்சரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ மெதுவாக அசைந்தாலோ சந்தேகம்தான். (புதிய கார்கள் சிலவற்றில் வேறு வகை சென்சர், இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.) கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சர் நேர்மாறு: அது அதிகம் ஆடாமல் இருப்பதே நல்லது. இது தெரியாமல் நல்ல சென்சரைக் கழற்றி வீசுபவர்களும் உண்டு.

சென்சருக்கு முன்னால் எக்சோஸ் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து அளவு தவறாகக் காட்டும். அதை முதலில் அடையுங்கள். பழுதான சென்சருடன் மாதக்கணக்கில் ஓட்டினால் கன்வெர்ட்டரும் கெடும். அதன் விலை சென்சரைவிடப் பல மடங்கு.