குச்சி எந்த மரம்? பெல்லட் அடுப்பு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

இறைச்சிக்குப் புகையூட்டும் பெல்லட் அடுப்பை விலை பேசுபவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தையே விசாரிக்கிறார்கள். எத்தனை கோழி கொள்ளும், தகடு எவ்வளவு தடிப்பு, கைத்தொலைபேசியிலிருந்து இயக்கலாமா என்று கேட்கிறார்கள். கண்டியின் ஹந்தானை மலைச்சரிவில் குடியிருப்பவர் இவற்றையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்த அடுப்பு எரிக்கப்போகும் பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி, எந்த மரத்தின் தூள், எவ்வளவு காய்ந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். அடுப்பின் வேலை எளிது. தொட்டியில் கொட்டிய குச்சிகளை ஒரு திருகுதண்டு சிறிது சிறிதாக எரிகிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்விசிறி காற்றூதுகிறது. குறித்த சூட்டுக்கு ஏற்பத் தள்ளும் வேகம் கூடிக் குறைகிறது. காஸ் அடுப்பில் எரிபொருளின் வேலை சூடு தருவதோடு முடிந்துவிடும். இங்கே எரிபொருளே மசாலாவும் ஆகிவிடுகிறது. மரத்தில் என்ன கோளாறு இருந்தாலும் அது ஐந்தாறு மணிநேரம் இறைச்சியில் ஏறிக்கொண்டே இருக்கும்.

புகையை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதை இந்த மலைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் விறகை எரித்தே இலையை உலர்த்துகின்றன. ஆனாலும் புகை இலையைத் தொடக்கூடாது; உலைக்குழாய்களுக்கு வெளியே சூடேறிய காற்று மட்டுமே இலைமேல் பாய வேண்டும். குழாயில் வெடிப்பு விழுந்து புகை கசிந்தால், தேநீரைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர் ஒரே மிடறில் அதைக் கண்டுபிடித்துவிடுவார், விலையும் விழுந்துவிடும். விறகுப் புகையோடு தொடர்புபடுத்தப்படும் அந்திராகுவினோன் என்ற பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் விதித்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்தான். புகையூட்டிய இறைச்சிக்கும் அங்கே கடுமையான கணக்கு உண்டு. பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க் காரணி கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு, 2014 செப்டெம்பரிலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. இத்தகைய பொருள்கள் கொழுப்பில் எளிதாகக் கரைந்து தங்குபவை. அப்படியானால் கொழுப்புள்ள பன்றித் தொடைக்கு வேண்டுமென்றே புகையூட்டும் நாம் தேயிலைக்காரரைவிடக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டாமா?

என்னை உறுத்துவது தூள் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஹந்தானையில் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புல்வெளிகளிலும் கரிபியன் பைன் வளர்ந்து நிற்கிறது. பால் வடித்துப் பிசின் எடுக்கும் மரம் அது. பிசின் நிறைந்த மரத்தின் புகை கரிப்புகை. இறைச்சியில் கசப்பும் தார்வாடையும் படியும். பைனையாவது பார்த்ததும் அடையாளம் காணலாம். மரக்காலைத் தூளின் கதை அப்படியல்ல. இறப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காதிருக்க போரன் உப்பில் ஊறவைத்த பிறகே தளபாடம் செய்கிறார்கள். பலகை ஒட்டும் பசை, பழைய கதவின் வர்ணம், கறையான் மருந்து எல்லாம் அறுக்கும்போது அதே குவியலில்தான் விழுகின்றன. தூளாகி, அழுத்தப்பட்டு, ஆறு மில்லிமீற்றர்க் குச்சியாக வெளிவந்த பிறகு எந்தக் கண்ணும் அதைப் பிரித்தறியாது. தொழிற்சாலைக் கொதிகலனுக்காகச் செய்த பெல்லட் மலிவாகக் கிடைக்கிறதென்று சமையலுக்கு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுவே. கொதிகலனில் புகை புகைபோக்கி வழியே போய்விடும், வீட்டு அடுப்பிலோ அது தட்டுக்கு வருகிறது. மாமரம், கொய்யா, பட்டை உரித்த கறுவாத் தடி போன்ற மருந்து படாத கடின மரங்களே சமையலுக்கு ஏற்றவை. அதற்காக மலைமேல் ஏறி வெட்டவும் கூடாது. ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடம்.

அடுத்தது ஈரம். பெல்லட்டைப் பிணைத்திருப்பது மரத்திலுள்ள லிக்னின் மட்டுமே. நல்ல குச்சியில் ஈரம் பத்து வீதத்துக்குக் கீழே இருக்கும். இரண்டு பருவமழையும் நனைக்கும் இந்த மலையில் திறந்த பையில் வைத்தால் அது ஊதி உதிர்ந்து மீண்டும் தூளாகிவிடும். அந்தத் தூள் திருகுதண்டை அடைத்துக்கொள்ளும். அரைகுறையாக ஈரம் ஏறிய குச்சியோ எரியாமல் கனத்த வெண்புகை விடும். கசப்பும் கெடுதலும் அதில்தான் அதிகம். ஆகவே இறுக்க மூடும் வாளியில் சேமியுங்கள், சமையல் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்யுங்கள். உடைத்தால் படக்கென முறியாத குச்சியை வாங்காதீர்கள்.

சிரட்டைக் கரியும் தகரப் பீப்பாவும் போதும், இவ்வளவு செலவு எதற்கு என்பார்கள். கரியில் கைதேர்ந்தவர்களுக்கு அது சரிதான். ஆனால் கரியடுப்பில் கொழுப்பு நேரே தணலில் சொட்டிப் புகைகிறது, புற்றுநோய்க் காரணிகளின் பெரிய ஊற்று அதுவே. பெல்லட் அடுப்பில் நெருப்புக்கும் இறைச்சிக்கும் நடுவே தகடும் கொழுப்பு வடிதட்டும் இருக்கின்றன. அவற்றைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால் நன்மை நம் பக்கம். மின்சாரத்தைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருண்டிருந்த நாடு இது. மின்சாரம் நின்றால் குச்சி நகராது, இறைச்சி வெதுவெதுப்பில் கிடந்து கெடும். எனினும் பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே முந்நூறு வாற்று அளவில் வேண்டும். பிறகு ஓடுவதற்கு ஐம்பது வாற்று அளவே போதும் என்பதால் சிறிய இன்வேட்டரே தாங்கும். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ற்று அடுப்பை மட்டும் நம் 230 வோல்ற்றில் நேரே செருகிவிடாதீர்கள்.

பயன்படுத்துவதில் பெரிய வித்தை இல்லை. 110 முதல் 120 பாகை செல்சியஸில் வையுங்கள். இறைச்சிக்குள் குத்தும் வெப்பமானி கோழியில் 74 காட்ட வேண்டும், பன்றித் தோள் நார்நாராகப் பிரிய 90ஐத் தாண்ட வேண்டும். சூடேற்றாமல் வெறும் புகையில் தொங்கவிடும் முறையை நம் காலநிலையில் வீட்டில் செய்யவே வேண்டாம். மாசிக்குப் பழகிய நாக்குக்கு இந்த மெல்லிய புகை முதலில் போதாததாகத் தோன்றலாம். அதற்காகப் புகையைக் கூட்டாதீர்கள். புகையூட்டியவை உட்பட பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் முதல் பிரிவுக் காரணிகளில் சேர்த்தது. எனவே இதைத் தினச் சமையலாக்காமல் விசேட நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. மலைகள் சூழ்ந்த கண்டிப் பள்ளத்தில் புகை எளிதில் கலைவதில்லை என்பதால், அயல்வீட்டு ஜன்னலையும் பார்த்து அடுப்பை வையுங்கள்.

கடைக்குப் போகும்போது பெல்லட் பையைத் திருப்பிப் பாருங்கள். மரத்தின் பெயரும், உணவுக்கு உகந்தது என்ற குறிப்பும், வேறெதுவும் கலக்கவில்லை என்ற உறுதியும் அதில் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.