நாள்களைக் கணக்கிட்ட கட்டுமானம்

இந்தியாவில் முதன்முதலாக மெட்ரோ தொடர்வண்டி ஓடிய நகரம் கொல்கத்தா. அதற்கு 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. அப்பாதையின் நீளம் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் பாதை முழுமை பெற்ற ஆண்டு 1995. தில்லியிலோ 1998 அக்டோபரில் பணி தொடங்கியது. 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே முதல் வண்டி புறப்பட்டது. 2006 முடிவதற்குள் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் பாதை பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

இரு நகரங்களிலும் பயன்பட்டவை அதே இரும்பும் சிமெண்டும்தான். கொல்கத்தாவின் பொறியாளர்களைக் குறை கூறுவது முறையன்று. அவர்களுக்கு முன்மாதிரி எதுவும் இல்லை. பணமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே வந்தது. அந்தத் துன்பத்திலிருந்து தில்லி பாடம் கற்றது எனலாம். மத்திய அரசும் தில்லி அரசும் சம பங்கு கொண்டு 1995 இல் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. முதற்கட்டச் செலவில் பெரும்பகுதி ஜப்பானிடமிருந்து கடனாகப் பெறப்பட்டது. கடனுக்கு வட்டி உண்டு. பாதை திறக்கும் நாள் தள்ளிப்போனால், பயணச்சீட்டு வருவாய் வராது. வட்டி மட்டும் வளரும். ஆகவே கட்டுமானத் திட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு.

எந்த வேலையை எப்போது, யாரைக் கொண்டு, எவ்வளவு செலவில் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அது அவ்வாறே நடைபெறுகிறதா என்று கண்காணிக்கும் திறனே திட்ட மேலாண்மை எனப்படும்.

மெட்ரோ வண்டி மேலே ஓடும் பாலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் நிலத்தைத் துளைத்து அடித்தூண்கள் இறக்கப்படும். பொறியாளர் இவற்றைப் ‘பைல்’ என்பர். அவற்றின் தலைகளை இணைத்துக் கான்கிரீட் மேடை அமையும். அம்மேடைமீது தூண் எழும். தூணின் உச்சியில் தலைப்பகுதி, அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் தண்டவாளம். இவற்றுள் ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடங்க இயலாது. ஆனால் உத்திரத்தின் துண்டுகளைத் தூண் எழும்வரை காத்திருந்து வார்க்க வேண்டிய தேவை இல்லை. நகரின் ஓரத்தில் உள்ள வார்ப்புக் களத்தில் அவற்றை முன்னதாகவே வார்த்து, தூண் அணியமானதும் இரவு நேரத்தில் பெரிய வண்டிகளில் கொண்டுவந்து பொருத்திவிடலாம். எவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும், எவை ஒரே காலத்தில் நடக்கலாம் என்று பிரித்தறிவதே திட்ட மேலாளரின் முதல் வேலை.

மண்ணுக்கு அடியிலும் வேலை உண்டு. பழைய தில்லியின் தெருக்களுக்குக் கீழே குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வடம், தொலைபேசி வடம் எனப் பல செல்கின்றன. அவற்றை இடம் மாற்றாமல் குழி தோண்டினால் நகரமே தவிக்கும். சாவ்ரி பஜார் நிலையம் ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்தில், மிகப் பழைய கட்டடங்கள் நெருங்கி நிற்கும் பகுதியின் கீழே அமைக்கப்பட்டது. மேலே உள்ள சுவர்களில் விரிசல் விழுகிறதா என்று கருவிகளால் அளந்துகொண்டேதான் கீழே தோண்டினர்.

பணத்தைக் கையாள்வதும் இத்திறனின் ஒரு பகுதியே. வேலை முடிந்தும் ஒப்பந்ததாரருக்குப் பணம் வராவிட்டால், அவர் தொழிலாளருக்குக் கூலி தர இயலாது. கூலி கிடைக்காத தொழிலாளர் ஊர் திரும்புவர், பணி நின்றுபோகும். பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கி உழைப்பவருக்கு, உரிய நாளில் வரும் கூலியே ஊரில் இருக்கும் குடும்பத்தின் உணவு. அலுவலக மேசையில் உறங்கும் ஒரு கோப்பு எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பதை நல்ல மேலாளர் அறிவார்.

தில்லி மெட்ரோவின் தலைமைப் பொறுப்பில் 1997 முதல் 2011 வரை இருந்தவர் ஈ. ஸ்ரீதரன். இவருடைய திறமை முதலில் வெளிப்பட்ட இடம் தமிழகத்தின் பாம்பன். 1964 டிசம்பரில் வீசிய புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்திரங்கள் கடலில் விழுந்தன. சீரமைக்க ஆறு மாதம் தேவை என்று ரயில்வே கணக்கிட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். இளம் பொறியாளரான ஸ்ரீதரனின் குழு, கடலில் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்தி, 46 நாள்களில் பணியை முடித்தது. தில்லியிலும் அவர் நாள்களையே எண்ணினார். திறப்பு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் மின்னணுக் கடிகாரங்கள் பணியிடங்களில் வைக்கப்பட்டன. திங்கட்கிழமைதோறும் துறைத் தலைவர்கள் கூடித் தடைகளைப் பேசித் தீர்த்தனர்.

எனினும் கான்கிரீட் எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படாது. அது இறுகி வலிமை பெறுவதற்குக் காலம் தேவை. தூணுக்கு ஊற்றும் கலவையிலிருந்தே 15 சென்டிமீட்டர் அளவில் கனசதுரங்கள் வார்க்கப்படும். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, 28 ஆம் நாள் இயந்திரத்தில் அழுத்தி உடைத்துப் பார்ப்பர். கனசதுரம் குறித்த எடையைத் தாங்காவிட்டால் தூணையும் நம்ப இயலாது.

2009 ஜூலை 12 ஆம் நாள் விடியற்காலையில், தெற்குத் தில்லியின் ஜம்ருத்பூரில் கட்டப்பட்டுவந்த மெட்ரோ பாலம் இடிந்து விழுந்தது. பொறியாளர் ஒருவர் உள்பட ஆறு பேர் இறந்தனர். விழுந்தது 67 ஆம் எண் தூணின் தலைப்பகுதி. அத்தூணில் முன்பே விரிசல் காணப்பட்டு, பணி சிறிது காலம் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடரப்பட்டிருந்தது. வடிவமைப்பில் பிழை இருந்தது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது.  ஸ்ரீதரன் அன்றே பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். தில்லி முதலமைச்சர் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்தன; அதற்குள் அப்பாதையை முடித்தாக வேண்டியிருந்தது. போட்டிகள் தொடங்கிய 2010 அக்டோபர் 3 ஆம் நாளிலேயே அதில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆறு பேர் இறந்த இடத்தின் மேலாக அவை இன்றும் செல்கின்றன.