திருவள்ளூர் மண்ணில் கடலின் சாட்சியம்

கும்மிடிப்பூண்டியின் ஆலைப் புகையைக் கடந்து மேற்கே செல்வோர், சத்தியவேடு மலைகளையும், அவற்றிற்குத் தெற்கே பூண்டிப் பக்கத்து அல்லிக்குளிக் குன்றுகளையும் அசட்டையாய்ப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். உயரத்தால் பெருமை பெற்ற மலைகள் அல்ல அவை. ஆயினும் அப்பாறைகளின் அருகே சிறிது நேரம் நின்று நோக்குவோர்க்கு வியப்புண்டாகாமற் போகாது. எலுமிச்சையளவிலும் தேங்காயளவிலும் உருண்டு திரண்ட கூழாங்கற்கள், மணலோடு மணலாய்ப் புதைந்து, ஒரே பாறையாய் இறுகிக் கிடக்கின்றன. ஓடும் நீரும் மோதும் அலையுமன்றி, கல்லை இவ்வாறு உருட்டித் தேய்க்க வல்லது வேறெது?

பாலாற்றுக்கு வடக்கேயுள்ள இப்பிரதேசத்தைப் பற்றிய பூகர்ப்ப விவரத்தை, இந்தியப் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1873-ல் வெளியிட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் படுகைகள் என்று பெயர் பெற்ற களிப்பாறைகளில், செடிகளின் இலைத் தடங்களும் கடற்பிராணிகளின் ஓடுகளும் ஒருங்கே காணப்படுகின்றன. நியாயஸ்தலத்தில் இவ்விரண்டையும் சாட்சிகளாய் நிறுத்தினால் வழக்கு அக்கணமே தீர்ந்துவிடும். இலை கடலில் முளைப்பதில்லை. அம்மோனைட் என்னும் கடற்பிராணி கரையில் வாழ்வதில்லை. ஆகவே, சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமற்ற கடலொன்று நிலத்தைத் தழுவிக் கிடந்ததென்பது ருசுவாகிறது. அம்மோனைட் என்றால் ஏதோ அந்நிய வஸ்து என வாசகர்கள் எண்ண வேண்டாம். கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தினுள் சக்கரம்போல் சுருண்டிருப்பதும் அவ்வினத்தின் ஓடேயாகும்.

இங்கே எதிர்க்கட்சி வக்கீல் ஒரு கேள்வி கேட்கலாம்: கடல் ஏறியதா, நிலம் தாழ்ந்ததா? கேள்வி நியாயமானதே. இமயத்தின் உச்சியிலும் கடற்பிராணிகளின் கல்லுருக்கள் உண்டு; அவை அங்கே சேர்ந்தது நிலம் எழும்பியதால். நமது கிழக்குக் கரையும், இந்தியா அண்டார்க்டிகாவினின்றும் பிரிந்தபோது பிளந்து தாழ்ந்ததுண்டு. ஆகவே ஒரு ஜில்லாவின் சாட்சியம் மட்டும் போதாது. பல தேசங்களின் சாட்சியம் வேண்டும். அதுவும் கிடைக்கிறது. திருவள்ளூர்க் கடலுக்குப் பின், அரியலூர்ப் பக்கம் கடல் நெடுங்காலம் தங்கிற்று; இன்று அங்குள்ள சிமெண்டு ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல் அதன் கொடை. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் அமெரிக்காவின் நடுப்பாகமும் நீரில் ஆழ்ந்தன. டோவர் கரையின் வெண்சுண்ணக் குன்றுகள், கண்ணுக்குப் புலப்படாத கடற்பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து உண்டானவை. சுண்ணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அந்த யுகத்திற்குக் கிரெடேஷியஸ் என்று பெயர் வந்தது. இத்தனை தேசங்களும் பேசிவைத்துக்கொண்டு ஒருங்கே தாழ்ந்திருக்க முடியாதன்றோ? துருவங்களில் பெரும் பனிப்பாளங்கள் இல்லை; கடலடியில் புதிதாய் எழுந்த மலைத்தொடர்கள் நீரை மேலே தள்ளின. கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்ததென்பது பொதுவான முடிவு. 200 மீட்டருக்கும் மேல் என்பாரும் உளர்.

சேலத்துக் குன்றுகளை ஆங்கிலேயர் சுண்ணக் குன்றுகள் என்று அழைத்தனர். வெண்மையைக் கண்டு இட்ட பெயர் அது. அங்குள்ளது மாக்னசைட், அதற்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை.

அல்லிக்குளிக் கூழாங்கற்களுக்கு வேறொரு பெருமையுமுண்டு. கொற்றலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தில் வாழ்ந்த ஆதிமனிதர், அவ்வினக் கற்களையே உடைத்துக் கைக்கோடரி செய்தனர். பூட்டும் வில்லியம் கிங்கும் 1863-ல் அவ்விடத்தைக் கண்டனர். அங்குள்ள களிமண் அடுக்கொன்றைப் பழைய கடற்காலத்துப் பாறையென்றே நெடுநாள் கருதி வந்தனர். சாந்தி பப்பு அம்மையாரின் குழுவினர் 1999 முதல் தோண்டி, அந்த அடுக்கினுள்ளேயே கற்கருவிகளை எடுத்தனர். அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011-ல் வெளியாயிற்று.

கடல் அதற்குப் பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பனியாய் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பனி உருக, கடல் ஏறி வந்து, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய நிலையை எட்டியது. அக்கடல் நமக்கு விட்டுச்சென்றதே பழவேற்காடு ஏரி; அலைகள் குவித்த மணல்மேடே ஸ்ரீஹரிக்கோட்டா.

இவையெல்லாம் இயற்கையின் செயல். இப்போது இந்த ஜில்லாவில் கடல் ஏறுவதோ நம் செயலால். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் நிலத்தடி நன்னீரே கடல்நீரைத் தடுத்து நிறுத்தும் அணை. நன்னீரின் மட்டம் ஓரடி குறைந்தால், அதன் கீழுள்ள உப்புநீர் சுமார் 40 அடி மேலெழும் என்பது சாஸ்திரக் கணக்கு. சென்னை நகருக்கும் வடசென்னை ஆலைகளுக்கும், வயல்களுக்குமாகப் பல்லாண்டு காலம் இறைத்ததன் பலனாய், உப்புநீர் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அணையில் தேங்குவது எவ்வளவு, குழாய்க் கிணறுகள் உறிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு, கிணற்று நீர் கரித்துப்போன குடியானவன் கைக்கு எட்டவேண்டும். கும்மிடிப்பூண்டி முதல் மீஞ்சூர் வரை, ஆலைவாரியாகவும் ஊர்வாரியாகவும் அக்கணக்கைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் வருஷந்தோறும் கோடைக்கு முன் ஒட்டிவைக்குமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.