ஒரு சொட்டு இரத்தமும் ஓர் எழுத்துப் பிழையும்

சகோதரிகளே, சீனி வருத்தமுள்ள உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிறு கீற்றில் வைத்துச் சோதித்திருப்பீர்கள். அக்கீற்றில் நடக்கும் இரசாயன மாற்றத்தால் உண்டாகும் மின்னோட்டத்தையே கருவி அளந்து இலக்கமாகக் காட்டுகிறது. இதே வழியில் நமது பரம்பரை அலகுகளையும் வாசிக்க முடியுமா?

முடியும். டி.என்.ஏ. இரட்டை இழையால் ஆனது. அதன் நான்கு எழுத்துக்களில் ‘ஏ’ ‘டீ’யோடும், ‘ஜீ’ ‘சீ’யோடும் சோடி சேரும். தேடும் வரிசைக்குச் சோடியான ஓர் ஒற்றை இழையைத் தங்க மின்வாயில் பதித்து வைப்பார்கள். மாதிரியில் அந்த வரிசை இருந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும், மின்சமிக்ஞை மாறும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பிணைப்புத் தளரும். டி.என்.ஏ. மின்வாயில் சமிக்ஞை தருவதை 1960இல் செக் நாட்டு விஞ்ஞானி எமில் பலெச்செக் காட்டினார்.

ஓர் எழுத்துப் பிழை அவ்வளவு பெரிதா? தலசீமியா பலவேளை அதனாலேயே வருகிறது. காவிகளான இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடுமையான நோயென்றால் வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். காவிகளோ வெளிக்குச் சுகமாகவே இருப்பர்.

இவ்வுணரிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடங்களில்தான் உள்ளன. ஆனால் காவிகளைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை இன்றே உண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் பேசும்போது இது இன்னும் அவசியம். ஒரே பாட்டனாரின் பிழை இருவரிடமும் இருக்கலாம். மாப்பிள்ளையின் தொழிலை விசாரிக்கும் நாம் இதையும் விசாரிப்பது வெட்கமல்ல.