கோ நிரலை எப்போது பிரிப்பது?

கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த் போகக் கைப்பேசியில் கிரேப் வண்டி அழைக்கிறோம். 2012இல் மைதெக்சி என்ற பெயரில் மலேசியாவில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பின்னணிச் சேவைகள் பலவும் கோ என்ற நிரலாக்க மொழியில் எழுதப்பட்டவை; அவற்றின் நிரல்கள் ஒரே பெரிய களஞ்சியத்தில் இருக்கின்றன. அத்தனை நிரலும் சிக்கலாகாமல் இருக்க, கோ மொழியின் கோப்புறை விதி பெரிதும் உதவுகிறது.

விதி எளிது: ஒரு கோப்புறை, ஒரு பேக்கேஜ் (நிரல்தொகுப்பு). ஒரே கோப்புறையில் உள்ள கோப்புகள் ஒன்றையொன்று தாமாகவே அறியும். வெளியிலிருந்து பயன்படுத்த இம்போர்ட் செய்ய வேண்டும். அப்போதும் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்கள் மட்டுமே தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாததால் தமிழ்ப் பெயர்கள் வெளியே தெரியாது. அதுமட்டுமல்ல, புள்ளியும் உயிர்க்குறிகளும் பெயர்களில் வரக்கூடாது என்பதால் ‘கட்டணம்’ என்ற பெயரையே கம்பைலர் ஏற்காது. இது எனக்கு வருத்தம்தான்.

பேருந்துக் கட்டணம் கணக்கிடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். ‘ரூட்’ கோப்புறையில் வழித்தட விவரங்கள். கோப்புகள் பெருகியதும், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டுமென்று சிலவற்றை அதனுள்ளே ‘ஃபேர்’ என்ற உட்கோப்புறைக்கு மாற்றுகிறோம். உடனே பிழைகள் கொட்டும். காரணம், உட்கோப்புறை தாய்க் கோப்புறையின் பகுதி அல்ல. முற்றிலும் தனிப் பேக்கேஜ். சரி, ஃபேர் ரூட்டை இம்போர்ட் செய்யட்டும். ரூட்டுக்கும் ஃபேர் தேவைப்பட்டால்? இரண்டும் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் சுழற்சியைக் கோ அனுமதிப்பதே இல்லை. இரண்டுக்கும் பொதுவான ‘ஸ்டாப்’ (நிறுத்தம்) போன்ற வகையை மூன்றாவது பேக்கேஜுக்கு நகர்த்தலாம். அல்லது இரண்டையும் மறுபடி ஒன்றாக்கலாம். பெரும்பாலும் ஒன்றாக்குவதே சரி: அவ்வளவு ஒட்டி வாழ்பவற்றைப் பிரித்ததுதான் தவறு.

‘இன்டர்னல்’ என்று பெயரிட்ட கோப்புறைக்குத் தனிக் காவல் உண்டு. அதன் தாய்க் கோப்புறைக்குள் இருப்பவை தவிர வேறெதுவும் அதை இம்போர்ட் செய்ய முடியாது. 2015இல் வந்த கோ 1.5 பதிப்பிலிருந்து எல்லாருடைய நிரல்களுக்கும் இது பொருந்துகிறது. பிறருக்கு வாக்குக் கொடுக்க விரும்பாத பகுதிகளை இங்கே வைத்தால் பின்னாளில் தயங்காமல் மாற்றலாம். திட்டம் முழுவதையும் எங்கே வைப்பது? 2018இல் 1.11 பதிப்போடு மாட்யூல் என்ற ஏற்பாடு வந்த பிறகு, திட்டத்தைக் கணினியில் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இணையத்தில் கிடைக்கும் பெரிய கோப்புறை மாதிரிகளை அப்படியே நகலெடுக்க வேண்டாம். மாட்யூலை அறிவிக்கும் ஒரு கோ.மாட் கோப்பு, ஒரு மெயின் கோப்பு, ஒரே கோப்புறை என்று தொடங்குங்கள். தனிப்பெயர் வைக்கத்தக்க ஒரு வேலை நிரலுக்குள் உருவான பிறகு, அதைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்தெடுங்கள்.