கூறியது கூறலும் கணினியும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று என்பதை நன்னூல் பயின்றோர் அறிவர். மீண்டும் வந்த சொல் வேறொரு பொருளை விளக்குமாயின் அது குற்றமன்று என உரையாசிரியர்கள் அமைதி கூறுவதையும் அறிவர். இவ்விரு கருத்துகளையும் ஒருங்கே கையாளும் இடம் ஒன்று கணினியினுள் உண்டு. மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் கம்பைலர் எனப்படும். தமிழில் அதனைத் தொகுப்பி என்கிறோம். (அது செய்வது தொகுத்தலைவிடப் பெயர்த்தலே, ஆயினும் சொல் நிலைத்துவிட்டது.) தொகுப்பியின் பணிகளுள் ஒன்று, ஒரே கணக்கு இருமுறை வருமிடத்தைத் தேடி, இரண்டாவதை நீக்குதல்.

கிள்ளானில் தரைவிரிப்பு விற்கும் கடை ஒன்றைக் கொள்வோம். விரிப்பின் விலை, நீளம் × அகலம் × 30. விரித்துத் தரும் கூலி, நீளம் × அகலம் × 5. நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர் எனின், விலை 720 ரிங்கிட். கூலி 120 ரிங்கிட். கணக்கர் 24 என்னும் பரப்பை ஒருமுறை கண்டு தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். தொகுப்பியும் அவ்வாறே ஒரு தற்காலிகப் பெயரைப் படைத்து, அதில் 24-ஐ இட்டு, இரண்டாம் இடத்தில் அப்பெயரையே ஆள்கிறது. ஒரு புணர்ச்சி விதியை முன்னர்க் கூறி, ஒத்த பிறவற்றை அதனோடு மாட்டெறிந்து முடிக்கும் தொல்காப்பியரின் முறையும் இத்தகையதே.

நிரலை எழுதுவோரே இதனைத் தவிர்க்கலாகாதா எனக் கேட்கலாம். பல இடங்களில் இயலாது; ஏனெனில் அக்கணக்கு அவர் கண்ணில் படுவதே இல்லை. மாணவர் ஒவ்வொருவருக்கும் 7 பாடங்கள் கொண்ட மதிப்பெண் அட்டவணை ஒன்று உள்ளது. 12-ஆம் மாணவரின் 3-ஆம் பாட மதிப்பெண்ணோடு 5 கூட்ட வேண்டும். நினைவகமோ ஒரே நீண்ட வரிசை. அவ்விடத்தை அடைய, முந்தைய 11 மாணவர்க்கும் எழேழாக 77 இடங்களைக் கடந்து, மேலும் 3 கூட்டி, 80-ஆம் இடத்திற்குச் செல்ல வேண்டும். பழைய மதிப்பெண்ணை எடுக்க ஒருமுறை, புதியதை வைக்க ஒருமுறை என இப்பெருக்கல் இருமுறை நிகழும். நிரலர் எழுதியதோ ‘மதிப்பெண்’ என்னும் பெயர் மட்டுமே.

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாகி 1957-இல் வெளிவந்த போர்ட்ரான் தொகுப்பியிலேயே இம்முயற்சி தொடங்கிவிட்டது. மறுஆண்டு சோவியத் அறிஞர் ஆந்திரே எர்ஷோவ், ஒரு கோவை முன்பே வந்துள்ளதா என விரைந்து தேடும் வழியை விளக்கினார். கிளைகள் பல கொண்ட முழு நிரலுக்கும் இதனை விரிவாக்கும் முறையை 1970-இல் ஜான் கோக் எழுதினார்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஓர் ஆசிரியர் பயிலரங்கில் இதனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “எழுத்து மாறவில்லை என்றால் விடை மட்டும் எப்படி மாறும், ஐயா?” என்று ஓர் ஆசிரியை வினவினார். பொருட்செறிவுள்ள வினா. ‘நாளை வருவேன்’ என்னும் தொடர் திங்கட்கிழமை எழுதிய மடலிலும் வியாழக்கிழமை எழுதிய மடலிலும் இருக்கலாம். வரும் நாள் ஒன்றாகுமா? தரைவிரிப்புக் கடையில், விலை கூறிய பின் வாடிக்கையாளர் நீளத்தை 7 மீட்டராக உயர்த்துகிறார் என்க. இப்போது பரப்பு 28. கூலி 140 ரிங்கிட். ஓரத்தில் குறித்த 24-ஐயே நம்பினால் கூலியில் 20 ரிங்கிட் குறையும். பிழைச்செய்தி எதுவும் வாராது. கணக்கு மட்டும் தவறாக முடியும். ஆதலின் இடையில் நீளமோ அகலமோ மாறியிருந்தால் பழைய விடையைத் தொகுப்பி கைவிட்டாக வேண்டும்.

கிளைவழிகள் வரும்போது இன்னும் விழிப்பு வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு 600 ரிங்கிட் என நிலையான விலை; ஏனையோருக்குப் பரப்பின்படி விலை; பின்னர் இருசாராருக்கும் கூலி. முதற்கிளையில் வந்தவருக்குப் பரப்பு கணக்கிடப்படவே இல்லை. எல்லா வழிகளிலும் முன்பே கணக்கிடப்பட்டிருந்தால்தான் அவ்விடையை மீண்டும் ஆளலாம்.

பெயர்களாலும் இடர் உண்டு. முன்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் சாலை என வழங்கியதே இன்றைய துன் சம்பந்தன் சாலை. நிரலிலும் ஒரே நினைவிடத்திற்கு இரு பெயர்கள் அமையலாம். ‘நீளம்’ என்னும் பெயரைத் தொடாமலே, மற்றொரு பெயர் வழியாக அதன் மதிப்பு மாறிவிடும். இரண்டும் வெவ்வேறு இடங்கள் என உறுதிப்படாதவரை தொகுப்பி மீண்டும் கணக்கிடவே செய்யும். இதன் மறுதலையாக, எழுத்து வேறாயினும் விடை ஒன்றாவதும் உண்டு: நீளம் × அகலம், அகலம் × நீளம். நம் மொழியில் சொற்கள் இடம்மாறியும் பொருள் நிற்பது போன்றது இது.

விடையைச் சேமித்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. செயலியின் கைக்கெட்டும் இடங்கள் மிகச் சில. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள ஒரு வகையில் பொதுப் பயனுக்கு அவை 16 மட்டுமே. ஒரு விடையை நெடுநேரம் அங்கு வைத்திருந்தால் வேறொன்றைத் தொலைவிலுள்ள நினைவகத்திற்கு அனுப்ப நேரும். அதனைத் திரும்ப எடுத்துவரும் நேரம், மீண்டும் பெருக்கும் நேரத்தைவிட மிகலாம். அப்போது, முன்னர் நீக்கிய அதே பெருக்கலைத் தொகுப்பியே மறுபடியும் எழுதி வைக்கும்.