ஆசிரியருக்குக் கடிதம்: கல்வெட்டுப் பாதுகாப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

கோயில் திருப்பணிகளின்போது கல்வெட்டுகள் சிதைவுறுவது களப்பணி செய்யும் ஆய்வாளர் அறிந்ததே. எழுத்துகளின் மேல் வண்ணம் பூசப்படுகிறது. மணல் வீச்சினால் பொறிப்பு மழுங்குகிறது. பிரித்த கற்கள் வரிசை மாற்றி அடுக்கப்படுகின்றன. இதனைச் சுட்டும் ஆய்வுக்கட்டுரை மதிப்பீடு பெற்று வெளிவருவதற்குள் குடமுழுக்கே நிறைவுற்றுவிடும். நாளிதழ் ஆசிரியருக்கு எழுதப்படும் கடிதமோ சில நாள்களில் அச்சேறக்கூடும். இதனை ஆய்வாளர்க்குத் தகாத சிறுவடிவம் எனக் கருதுவது பொருந்தாது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 'தி இந்து' நாளிதழின் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதியுள்ளார். இன்று அவை வரலாற்று ஆவணங்களாகவும் பயில்கின்றன.

கடிதத்தின் வலிமை முதல் தொடரிலேயே தொடங்குகிறது. "தமிழர்தம் தொன்மைச் சின்னங்கள் போற்றுவாரின்றி அழிந்து வருகின்றன" என்று தொடங்கினால் எவரும் மறுக்கமாட்டார். எவரும் செயற்படவும் மாட்டார். "இவ்வூர்க் கோயிலின் தெற்கு அதிட்டானக் கல்வெட்டின் மீது இவ்வாரம் வண்ணம் பூசப்பட்டுள்ளது" என்பது சரிபார்க்கத்தக்க கூற்று. அக்கல்வெட்டு ஆண்டறிக்கையில் இடம்பெற்றிருப்பின் அதன் ஆண்டும் எண்ணும் தரப்பட வேண்டும். 1887 முதல் வெளிவந்த அவ்வறிக்கைகளில் பதிவான ஒன்றை 'வெறும் கீறல்' என்று ஒதுக்குதல் எளிதன்று. இட நெருக்கடியில் ஆசிரியர் குழு கடிதத்தைச் சுருக்கும் என்பதால், கோரிக்கையைக் கடைசிப் பத்தி வரை ஒத்திவைப்பது இடர் தரும். முன்னுரைக்குப் பின்னரே பொருளுக்கு வரும் நம் ஆய்வேட்டுப் பழக்கம் இங்கே உதவாது.

யாரை நோக்கிக் கோருகிறோம் என்பதில் பிழை மிகுதியும் நேர்கிறது. கோயில் 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் கீழ் வருவதா, இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளதா, மாநிலத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளதா, தனியார் நிருவாகத்தில் உள்ளதா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். தவறான துறையைச் சுட்டினால், 'எமக்குத் தொடர்பில்லை' என்ற ஒரு வரி மறுப்பில் கடிதம் வீழ்ந்துவிடும். கோரிக்கையும் ஒன்றாக இருத்தல் நலம்: பணியை நிறுத்தி, கல்வெட்டைப் படியெடுத்த பின் தொடர்க.

கண்டதும் கருதியதும் கலத்தலாகாது. வண்ணம் பூசப்பட்டது காட்சி. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது ஊகம். பின்னதை எழுதினால் அவதூறு வழக்கிற்கும் இடமுண்டு. அச்சத்தால் ஆசிரியர் கடிதத்தையே விலக்கவும் கூடும். நாளிட்ட ஒளிப்படத்தை இணைப்பது சொல்லலங்காரத்தினும் பயன் தரும்.

வரும் கடிதங்கள் அனைத்தையும் வெளியிடும் கடப்பாடு ஆசிரியருக்கு இல்லை என்பதை இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிகள் ஏற்கின்றன. சர்ச்சைக்குரிய பொருளில் இருதரப்பும் இடம்பெற முயல வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. எனவே துறையின் மறுமொழி வெளிவருமென எதிர்பார்த்தே எழுத வேண்டும். குடமுழுக்கு நாள் நெருங்கியிருப்பின், அச்சேறும் வரை காத்திராமல் அதே கடிதத்தின் படியை உரிய அலுவலர்க்கு விரைவஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பேணுதல் வேண்டும்.